செர்ரி ஸ்பிரிங்ஸ் மாநிலப் பூங்காவில் கூடாரமடித்துத் தங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சில்வேனியாவின் வடக்கு மலைக்காட்டில் இருக்கும் செர்ரி ஸ்பிரிங்ஸுக்கு மக்கள் அருவி பார்க்கவோ படகு விடவோ போவதில்லை. இருட்டைத் தேடிப் போகிறார்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் பால்வீதியை வெறுங்கண்ணால் முழுசாகப் பார்க்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு, அவற்றில் இது முதன்மையானது. நியூஜெர்சி, பிலடெல்பியா, பிட்ஸ்பர்க் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் முதன்முறை போகும்முன் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறோம்.

இந்த இடம் எங்கே இருக்கிறது? அங்கே மட்டும் ஏன் இவ்வளவு இருட்டு?

பாட்டர் கவுண்டியில், ரூட் 44 சாலையோரம் இருக்கிறது. பூங்கா என்று பார்த்தால் வெறும் 82 ஏக்கர்தான். ஆனால் அதைச் சுற்றி 2,62,000 ஏக்கர் பரப்பில் சஸ்குஹானாக் அரசுக் காடு கிடக்கிறது. கவுண்டி முழுவதிலும் சுமார் 16,000 பேர்தான் வசிக்கிறார்கள். அவர்களுடைய ஊர்களும் பெரும்பாலும் பள்ளத்தாக்குகளில் இருக்கின்றன. பூங்கா 2,300 அடி உயரத்தில், மேட்டுநிலத்தின் உச்சியில் இருப்பதால் கீழே எரியும் விளக்குகளை மலைகளே மறைத்துவிடுகின்றன.

பென்சில்வேனியா அரசு 2000-இல் இதை இருள்வானப் பூங்காவாக அறிவித்தது. சர்வதேச இருள்வான அமைப்பின் அங்கீகாரம் 2008-இல் கிடைத்தது. யூட்டாவின் நேச்சுரல் பிரிட்ஜஸுக்கு அடுத்து, உலகிலேயே இரண்டாவதாக அந்த அங்கீகாரம் பெற்ற பூங்கா இதுதான்.

எவ்வளவு தூரம்? வழியில் கவனிக்க என்ன இருக்கிறது?

எடிசன் பக்கத்திலிருந்து சுமார் 5 மணி நேரம், பிலடெல்பியாவிலிருந்து நாலரை முதல் 5, பிட்ஸ்பர்க்கிலிருந்து மூன்றரை முதல் 4. குழந்தைகளோடு போனால் இதோடு ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி ஒரு மணி நேரம் காட்டுச் சாலை. செல்போன் சிக்னல் விட்டுவிட்டு வரும், பூங்காவில் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனவே வீட்டிலிருந்து கிளம்பும்போதே பாட்டர் கவுண்டி முழுவதற்குமான வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிவையுங்கள். பதிவு உறுதிச்சீட்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், மின்னஞ்சலில் இருந்தால் அங்கே திறக்காது. பெட்ரோலை கூடர்ஸ்போர்ட்டிலோ கேல்டனிலோ நிரப்பிவிட வேண்டும். அந்த இரண்டு ஊர்களையும் தாண்டினால் கடை கிடையாது.

பொழுது சாயும் முன்பே போய்ச் சேருங்கள். இருட்டிய பிறகு அந்தச் சாலையில் மான்கள் குறுக்கே பாயும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் இரண்டு நிற்கும், நின்று போவதுதான் நல்லது. பூங்காவுக்குள் தாமதமாக நுழையும் காரின் ஹெட்லைட் அங்கே ஏற்கெனவே இருளுக்குக் கண் பழகி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரின் பார்வையையும் கெடுக்கும் என்பது இன்னொரு காரணம்.

கேம்ப்கிரவுண்டில் என்ன வசதிகள் உண்டு?

மிகக் குறைவு. மொத்தம் 30 இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, நெருப்பு வளையம், லாந்தர் மாட்ட ஒரு கம்பம். கழிப்பறை குழி வகை: தண்ணீர் வராது, ஃபிளஷ் கிடையாது. குளியலறை இல்லை, கூடார இடங்களுக்கு மின்சாரமும் இல்லை.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். கழிப்பறைக்கென்று தனியாக இரண்டு பாட்டிலும் ஒரு சிறு செம்பும் வைத்துக்கொண்டால் பெரியவர்களுக்குச் சங்கடம் இருக்காது. சோப்பு, கை துடைக்கும் துணி, கூடுதல் காகிதச் சுருள் ஒன்று.

குளிக்காமல் இருக்கவே முடியாது என்பவர்கள் பக்கத்திலுள்ள லைமன் ரன் மாநிலப் பூங்காவில் இடம் பிடித்து, இரவு மட்டும் செர்ரி ஸ்பிரிங்ஸுக்குக் காரில் வந்து போகலாம். லைமன் ரன்னில் ஷவர் உண்டு, ஏரியும் உண்டு. சின்னக் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் வருபவர்களுக்கு முதல் முறை இதையே நாங்கள் சொல்வோம்.

எந்த நாளில் போவது?

மற்ற எல்லா ஏற்பாட்டையும் விட இதுதான் முக்கியம். விடுமுறை பார்த்துத் தேதி குறிப்பவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள். முதலில் அமாவாசையைப் பாருங்கள், பிறகு விடுமுறையைப் பாருங்கள். முழுநிலவு நாளில் இந்தப் பூங்காவுக்கும் உங்கள் ஊர்ப் பூங்காவுக்கும் வானத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. நிலவொளியே பால்வீதியை அழித்துவிடும்.

அமாவாசைக்கு 5 நாள் முன்னிருந்து 3 நாள் பின்வரை நல்ல காலம். தேய்பிறையின் பிற்பாதியில் நிலா நள்ளிரவுக்குப் பிறகே எழும், ஆகவே முன்னிரவு முழுக்க இருட்டாக இருக்கும். வளர்பிறையில் மாலையிலேயே நிலா மேற்கே நிற்கும். அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை, நான்காம் பிறை என்றால் இருட்டத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். ஆனால் அரைநிலா ஆகிவிட்டால் ஏறக்குறைய நள்ளிரவு வரை காத்திருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்த தினசரி நாட்காட்டியைப் பார்த்தால் நேர வித்தியாசத்தால் அமாவாசை ஒரு நாள் தள்ளித் தெரியலாம், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

எந்த மாதம் நல்லது?

கேம்ப்கிரவுண்ட் ஏப்ரல் நடுவில் திறந்து இலையுதிர்காலக் கடைசியில் மூடும்.

ஜூனில் பால்வீதியின் நடுப்பகுதி அழகாக எழும், ஆனால் வானம் முழுசாக இருட்ட இரவு 11 ஆகும். விடிவெளிச்சம் மூன்றரைக்கே தொடங்கிவிடும். குழந்தைகள் அதுவரை விழித்திருக்க மாட்டார்கள். ஆகஸ்ட் நடுவில் 10 மணிக்கு இருட்டும், ஆகஸ்ட் 12, 13 வாக்கில் பெர்சீட் எரிகல் மழையும் உச்சம் தொடும். அதனால்தான் அந்த வாரம் கூட்டம் நெரியும். செப்டம்பர் கடைசியில் முக்கால் ஒன்பதுக்கே முழு இருட்டு, கொசுவும் குறைந்திருக்கும், காற்றும் தெளிந்திருக்கும். ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்று இருப்பவர்களுக்குச் செப்டம்பர் அமாவாசை வாரம்தான் எங்கள் தேர்வு. அக்டோபரில் 8 மணிக்கே இருட்டிவிடும். ஆனால் இரவுக் குளிர் உறைநிலையைத் தொடும்.

முன்பதிவு எப்படி?

பென்சில்வேனியா மாநிலப் பூங்காக்களின் பதிவுத் தளத்தில் 11 மாதம் முன்னதாகவே பதியலாம். கோடைக்கால அமாவாசை வார இறுதிகள் சீக்கிரம் போய்விடும். கிடைக்காவிட்டால் ரத்தாகும் இடங்களுக்காக முந்தின வாரம் தினமும் பாருங்கள், வானிலை மோசம் என்று தெரிந்ததும் பலர் விட்டுவிடுவார்கள். புதன், வியாழன் இரவுகள் எளிதாகக் கிடைக்கும், கூட்டமும் இருக்காது. மூன்று குடும்பங்கள் சேர்ந்து போவதென்றால் மூன்று இடங்களாகப் பதியுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் கூடாரமடித்துச் சமாளிக்கலாம் என்று போகாதீர்கள். பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் இல்லை.

கேம்ப்கிரவுண்ட், இரவு முழுதும் தங்கும் வானியல் களம், பொதுப் பார்வைப் பகுதி: மூன்றும் ஒன்றா?

வேறு வேறு. இதில்தான் புதிதாக வருபவர்கள் குழம்புகிறார்கள்.

கேம்ப்கிரவுண்ட் என்பது வழக்கமான கூடார இடம். நெருப்பு மூட்டலாம், சமைக்கலாம். வானியல் களம் தொலைநோக்கியோடும் கேமராவோடும் வந்து விடியும்வரை இருப்பவர்களுக்கு. அதற்குத் தனிப் பதிவும் கட்டணமும் உண்டு, வெளிச்ச விதிகளும் மிகக் கடுமை. அங்கே நெருப்பு கூடாது. பொதுப் பார்வைப் பகுதி எல்லோருக்குமானது: ஓரிரண்டு மணி நேரம் விரிப்பில் படுத்து வானம் பார்த்துவிட்டுக் கூடாரத்துக்குத் திரும்பலாம், பதிவு தேவையில்லை. பெரும்பாலான குடும்பங்களுக்குக் கேம்ப்கிரவுண்டும் பொதுப் பகுதியும் போதும். எல்லாம் 82 ஏக்கருக்குள் என்பதால் நடந்தே போய்வரலாம், இரவில் காரை எடுக்க வேண்டாம்.

வெளிச்சம் பற்றி ஏன் இவ்வளவு கண்டிப்பு? சிவப்பு டார்ச் எதற்கு?

மங்கலான ஒளியைப் பார்க்கும் கண்செல்கள் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு நொடி வெள்ளை வெளிச்சம் பட்டால் அந்தப் பழக்கம் கலைந்து, மறுபடி முதலிலிருந்து அரை மணி நேரம். அந்தச் செல்கள் சிவப்பு ஒளிக்கு மிகக் குறைவாகவே எதிர்வினை செய்யும் என்பதால் சிவப்பு டார்ச் அனுமதிக்கப்படுகிறது. ஆனால் பளிச்சென்ற சிவப்பும் கெடுக்கும். மங்கலாக, தரையைப் பார்த்தபடி, தேவைப்படும்போது மட்டும்.

சிவப்பு விளக்கும் சேர்ந்த ஹெட்லேம்ப் வாங்குவது நல்லது. வாங்கும்போது ஒன்றைச் சோதியுங்கள்: அழுத்தினால் நேராகச் சிவப்பு எரிகிறதா, அல்லது வெள்ளையைத் தாண்டித்தான் சிவப்புக்கு வருகிறதா? இரண்டாவது வகை ஒவ்வொரு முறையும் ஒரு கணம் வெள்ளை அடிக்கும். சாதா டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டுவதானால் ஒரு அடுக்கு போதாது, மூன்று நான்கு அடுக்கு வேண்டும். கார் பின்விளக்குக்கு ஒட்டும் சிவப்பு டேப் இதைவிட உறுதி.

உண்மையில் அதிகத் தொந்தரவு தருவது டார்ச் இல்லை, கார்தான். கதவைத் திறந்தால் உள்விளக்கு, டிக்கியைத் திறந்தால் இன்னொன்று, ரிமோட்டை அழுத்தினால் நான்கு இண்டிகேட்டரும் மின்னும், ஸ்டார்ட் செய்தால் முன்விளக்கு தானாக எரியும். ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே இவற்றை முடித்துவிடுங்கள். உள்விளக்கை ஆஃப் நிலையில் வையுங்கள். டிக்கி விளக்குக்கும் கதவடி விளக்குக்கும் கறுப்பு டேப் ஒட்டுங்கள். தண்ணீர், போர்வை, குழந்தைகளுக்கான தின்பண்டம் எல்லாவற்றையும் முன்பே வெளியே எடுத்துவைத்துக் காரைப் பூட்டிவிட்டு, காலைவரை ரிமோட்டைத் தொடாதீர்கள்.

குழந்தைகளின் மின்னும் காலணி, வெளிச்சம் விடும் கைக்கடிகாரம், டேப்லெட் இவற்றையும் கூடாரத்திலேயே விட்டுவிட வேண்டும். போனைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் அமைப்புகளில் திரையை முழுச் சிவப்பாக்கும் வண்ண வடிகட்டி இருக்கிறது. வெறும் நைட் மோட் போதாது.

கேம்ப்கிரவுண்டில் இந்த அளவு கண்டிப்பு இல்லாவிட்டாலும், மேசைமேல் பெரிய எல்இடி லாந்தரை எரியவிடாதீர்கள். சமைக்கும்போது ஒளி கீழே மட்டும் விழும்படி மூடி வையுங்கள்.

கோடையில்கூடக் குளிருமா?

குளிரும். ஜூலையிலும் விடியற்காலை 10 டிகிரி செல்சியஸுக்கு இறங்கலாம். மே, செப்டம்பரில் உறைநிலைக்குப் பக்கத்தில் போகும். நடந்துகொண்டிருப்பவருக்கு 10 டிகிரி பெரிதில்லை. அசையாமல் இரண்டு மணி நேரம் படுத்து வானம் பார்ப்பவருக்கு அது வேறு கதை. சராசரி வெப்பநிலையைப் பார்த்து ஒரு ஸ்வெட்டரோடு வருபவர்கள் 11 மணிக்கே காருக்குள் ஒதுங்கி ஹீட்டரைப் போடுகிறார்கள். போட்டதும் முன்விளக்கு எரிகிறது.

வானிலை முன்னறிவிப்பில் வரும் குறைந்தபட்ச வெப்பநிலையைவிட 8 டிகிரி குறைவுக்குத் தயாராகுங்கள். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவே ஃபிளீஸ், வெளியே காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். பருத்தி வேண்டாம், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர்விக்கும். குல்லாவும் தடித்த காலுறையும் ஆகஸ்டிலும் எடுத்துவாருங்கள்.

ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு எண் இருக்கும். ‘லிமிட்’ என்பது ஒரு ஆண் சுருண்டு படுத்தால் தாங்கக்கூடிய அளவு, ‘கம்ஃபர்ட்’ என்பது நிம்மதியாகத் தூங்கக்கூடியது. கம்ஃபர்ட் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கோடைக்கு 5 டிகிரி செல்சியஸ், செப்டம்பர் முதல் 0 அல்லது அதற்கும் கீழ்.

பலர் தவறவிடுவது அடியில் விரிப்பதை. விருந்தாளிக்குப் போடும் காற்று மெத்தையை எடுத்துவருவார்கள். அதனுள்ளே இருக்கும் காற்று தரையின் குளிரை வாங்கி இரவெல்லாம் முதுகுக்குக் கொடுக்கும், மேலே எத்தனை போர்வை போட்டாலும் நடுக்கம் நிற்காது. வெப்பத் தடுப்பு எண் (R-value) 3-க்கு மேல் உள்ள மேட் வாங்குங்கள், அக்டோபருக்கு 4 அல்லது 5. காற்று மெத்தைதான் இருக்கிறது என்றால் அதன்மேல் காற்றடைக்கத் தேவையில்லாத நுரை மேட் (closed-cell foam) ஒன்றையும் தடித்த கம்பளியையும் விரியுங்கள்.

குளிருக்காகக் கூடாரத்துக்குள் கரி அடுப்பு, கேஸ் அடுப்பு, கேஸ் ஹீட்டர் எதையும் எந்தக் காரணத்துக்கும் எரிக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும். அணைந்துகொண்டிருக்கும் கரித்தணலும் அதை வெளியிடும். அதற்குப் பதில் கொதிநீரை உறுதியான பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, காலுறைக்குள் போட்டு ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாட்டில் வையுங்கள்.

மழையே இல்லை, ஆனாலும் கூடாரத்தின் உள்பக்கம் நனைந்திருக்கிறது. ஏன்?

மூச்சில் வரும் ஈரம் குளிர்ந்த துணியில் படிந்து நீராகிறது. குளிருக்குப் பயந்து எல்லாச் சன்னலையும் மூடினால் இன்னும் மோசம். மேலே உள்ள காற்றோட்டத் திறப்புகளைத் திறந்தே வைத்து, வெளிமழை விரிப்பைக் கயிற்றால் இழுத்து உள்துணியில் படாமல் விறைப்பாகக் கட்டுங்கள். அடியில் போடும் தார்ப்பாய் கூடாரத்தின் அளவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்து உள்ளே அனுப்பும், ஓரத்தை மடித்துவிடுங்கள்.

வெளியேயும் பனி கொட்டும். இரவில் வெளியே விட்ட நாற்காலி, காலணி, துண்டு எல்லாம் காலையில் நனைந்திருக்கும். படுத்துப் பார்க்க விரிக்கும் விரிப்புக்கு அடியிலும் ஒரு தார்ப்பாய் வேண்டும்.

‘4 பேர் கூடாரம்’ என்பதில் நான்கு பேர் ஒட்டிப் படுக்கலாம், பை வைக்க இடமிருக்காது. இரண்டு பெரியவரும் ஒரு குழந்தையும் என்றால் அதை வாங்குங்கள். நால்வர் குடும்பத்துக்கு 6 பேர் கூடாரம். முளைகள் மெல்லிய அலுமினியமாக இருந்தால் கல் தரையில் வளையும், எட்டு 10 அங்குல இரும்பு முளைகளும் ஒரு சுத்தியலும் எடுத்துவாருங்கள்.

சமையலுக்கு எந்த அடுப்பு? என்ன சமைப்பது?

கொரியக் கடைகளில் கிடைக்கும் தட்டை பியூட்டேன் அடுப்பு வீட்டு வாசலில் நன்றாக எரியும். செப்டம்பர் விடியலில் டீ போடப் பற்றவைத்தால் தீ எழும்பாது. பியூட்டேன் ஏறக்குறைய 0 டிகிரியில்தான் ஆவியாகிறது என்பதே காரணம். அதற்குப் பக்கத்தில் குளிர்ந்துவிட்டால் உருளைக்குள் திரவமாகவே கிடக்கும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் ஆவியாகும், ஆகவே பச்சை உருளை மாட்டும் புரோப்பேன் அடுப்பே சரி. ஒரு பவுண்டு உருளை, 10,000 பிடியு (வெப்ப அளவு) அடுப்பை முழுவீச்சில் சுமார் 2 மணி நேரம் எரிக்கும். நால்வர் குடும்பம், இரண்டு இரவு என்றால் இரண்டு உருளை போதும், மூன்றாவது கையிருப்பு.

முதல் நாளுக்குப் புளியோதரையும் சப்பாத்தியும் வீட்டிலிருந்தே. தயிர்சாதம் ஐஸ் பெட்டிக்குள் 4 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் நிற்கும். தோசைமாவு எடுத்துவந்தால் டப்பாவில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், 5 மணி நேரக் காரின் சூட்டில் பொங்கி வழியும். தாளிப்பை வீட்டில் முடித்துவிட்டு வந்தால் எண்ணெய்ப் புகையும் மணமும் குறையும், கரடிக்கும் அழைப்பு போகாது. ஐஸ் துண்டுகளைவிட ஒரே பெரிய கட்டி ஐஸ் நெடுநேரம் தாங்கும்.

இரவு 9 முதல் காலை 8 வரை அமைதி நேரம். குக்கர் விசில் அந்தக் காட்டில் வெகுதூரம் கேட்கும். சோறு, பருப்பை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். பாட்டுப் பெட்டியே வேண்டாம்.

வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகலாமா?

கூடாது. பட்டைக்கு அடியில் சாம்பல்மரத் துளைப்பான் வண்டின் புழு இருக்கலாம், மேல்பட்டையில் ஸ்பாட்டட் லேன்டர்ன்ஃபிளை என்ற பூச்சியின் முட்டை ஒட்டியிருக்கலாம். லேன்டர்ன்ஃபிளை 2014-இல் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியில்தான் அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது, வண்டிகளில் ஒட்டிக்கொண்டே மாநிலம் மாநிலமாகப் பரவியது. கூடர்ஸ்போர்ட், கேல்டன் பக்கத்தில் சாலையோரம் விற்கும் விறகை வாங்குங்கள்.

நெருப்பைச் சின்னதாக வைத்து, வானம் முழுசாக இருட்டுவதற்குள் அணைத்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது. அணைக்கும்போது தண்ணீர் ஊற்றிக் கிளறி மறுபடி ஊற்றுங்கள். புறங்கையைக் கிட்டே கொண்டுபோனால் சூடு தெரியக் கூடாது.

கரடி வருமா?

கருங்கரடிகள் உள்ள காடு. மனிதரைத் தேடி வராது, சோற்றைத் தேடி வரும். உணவு, ஐஸ் பெட்டி, குப்பை, எண்ணெய்ப் பாத்திரம், பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாவற்றையும் இரவில் காருக்குள் வைத்துப் பூட்டி, கண்ணாடியையும் ஏற்றிவிடுங்கள். கூடாரத்துக்குள் ஒரு முறுக்குத் துண்டுகூட இருக்க வேண்டாம். நேரில் கண்டால் ஓடாதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, உரக்கப் பேசியபடி, முகத்தைத் திருப்பாமல் மெல்லப் பின்வாங்குங்கள்.

அப்படியானால் பயப்பட வேண்டியது எதற்கு?

உண்ணிக்கு. உண்ணிக் கடியால் பரவும் லைம் நோய் அதிகம் பதிவாகும் மாநிலங்களில் பென்சில்வேனியாவும் ஒன்று. மே முதல் ஜூலை வரை குட்டி உண்ணிகள் கசகசா அளவில்தான் இருக்கும், கடித்தாலும் வலிக்காது.

முழுக்கால் சட்டை போட்டு, அதன் கீழ்முனையைக் காலுறைக்குள் செருகுங்கள். சட்டைக்கும் காலணிக்கும் 0.5 சதவீத பெர்மெத்ரின் பூச்சிமருந்தை முந்தின நாளே அடித்துக் காயவையுங்கள், அது துணிக்கு மட்டும், தோலில் படக் கூடாது. தோலுக்கு 20 முதல் 30 சதவீத டீட் பூச்சிவிரட்டி. விரிப்பை உயரமான புல்லில் போடாமல் வெட்டிய புல்லில் போடுங்கள்.

தினமும் இரவு படுக்குமுன் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, காதுக்குப் பின், தலைமுடி எல்லாம் பார்க்க வேண்டும். கடித்திருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலுக்கு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய் தடவுவது, தீக்குச்சி வைப்பது எல்லாம் தவறு, எடுக்கும் நேரத்தைத்தான் நீட்டும். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி இறங்கும், ஆகவே தினசரிப் பரிசோதனையே பாதி மருத்துவம். அடுத்த 30 நாளுக்குள் படரும் சிவந்த தடிப்போ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் துணிகளைத் துவைக்கும்முன் டிரையரில் அதிகச் சூட்டில் 10 நிமிடம் ஓட்டினால் ஒளிந்திருப்பவை செத்துவிடும்.

வானத்தில் என்னென்ன தெரியும்? தொலைநோக்கி வேண்டுமா?

முதல் முறை வேண்டாம். 7×50 அல்லது 10×50 பைனாகுலர் ஒன்று போதும். நட்சத்திரங்கள் அளவுக்கு மீறித் தெரிவதால், நகரத்தில் பழகிய உருவங்களையே கண்டுபிடிக்க முடியாமல் திணறுவீர்கள். இருட்டத் தொடங்கும்போதே போய் உட்கார்ந்து, பிரகாசமானவை ஒவ்வொன்றாக வரும்போது அடையாளம் கண்டுவிடுவது நல்லது.

ஆகஸ்ட் முன்னிரவில் தலைக்கு மேல் அபிஜித், அதற்குத் தெற்கே திருவோணம், மேற்கே செம்பழுப்பாகச் சுவாதி. தெற்கே தாழ்வாகக் கேட்டை சிவந்திருக்கும். இங்கே அது உச்சிக்கு வந்தாலும் 22 டிகிரி உயரம்தான், மதுரையில் 53 டிகிரிக்கு மேல் எழும். மூல நட்சத்திரம் மரங்களின் தலைக்குச் சற்று மேலேதான் தவழும், தெற்கே மறைப்பில்லாத இடமாகப் பார்த்து உட்காருங்கள். வடக்கே இதற்கு நேர்மாறு. ஊரில் அடிவானத்தில் தேடிக் கண்டுபிடிக்கும் துருவ நட்சத்திரம் இங்கே கிட்டத்தட்ட 42 டிகிரி உயரத்தில் நிற்கும், சப்தரிஷி மண்டலம் ஆண்டு முழுதும் மறைவதே இல்லை. வசிஷ்டரை ஒட்டியுள்ள அருந்ததியை வெறுங்கண்ணால் பிரித்துப் பார்க்கலாம். அகத்திய நட்சத்திரம் மட்டும் இந்த அட்சரேகையில் எழவே எழாது.

தெற்கிலிருந்து உச்சிக்கு ஏறும் பால்வீதியைப் பலர் முதலில் மேகம் என்றே நினைப்பார்கள். நடுவே ஓடும் கறுப்புக் கிளைகள் வெற்றிடமல்ல, பின்னாலுள்ள ஒளியை மறைக்கும் தூசி. நள்ளிரவை ஒட்டி வடகிழக்கில் கார்த்திகை எழும். அதற்குமுன்பே ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் மங்கலான நீள்வட்டமாகக் கண்ணுக்குத் தெரியும். அந்த ஒளி கிளம்பி ஏறக்குறைய 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. நேராகப் பார்த்தால் மறையும், சற்று ஓரமாகப் பார்வையை வைத்தால் தெளியும்.

குழந்தைகள் தாங்குவார்களா?

7, 8 வயதுக்கு மேல் நன்றாக ரசிப்பார்கள். பகலில் ஒரு மணி நேரம் தூங்கவைத்து, 10 மணிக்கு எழுப்பி, ஸ்லீப்பிங் பேக்கோடு விரிப்பில் படுக்கவையுங்கள். இருட்டைக் கண்டு பயப்படும் குழந்தைக்கு வீட்டில் இரண்டு இரவு சிவப்பு விளக்கோடு பழக்கிக்கொண்டு வரலாம். ஓடி விளையாடுவதெல்லாம் பகலில்தான். இரவுக் களத்தில் முக்காலிக் கால்களும் கயிறுகளும் கண்ணுக்குத் தெரியாது.

போனில் படம் எடுக்கலாமா?

எடுக்கலாம். முக்காலி, நைட் மோட், 3 வினாடி டைமர். ஃபிளாஷையும், ஃபோகஸ் செய்யும்போது எரியும் உதவி விளக்கையும் வீட்டிலேயே அணைத்துவிடுங்கள். கேமராவாக இருந்தால் 14 முதல் 24 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, 15 வினாடி, ஐஎஸ்ஓ 3200-இல் தொடங்குங்கள். நட்சத்திரங்கள் கோடாக நீண்டால் நேரத்தைக் குறையுங்கள்.

மேகம் மூடிவிட்டால்?

இந்த மலைகளில் அது அடிக்கடி நடக்கும். அதனால்தான் ஒரே இரவாகப் பதியாமல் இரண்டு இரவாகப் பதியச் சொல்கிறோம். கிளியர் ஸ்கை சார்ட் என்ற வான முன்னறிவிப்புத் தளத்தில் செர்ரி ஸ்பிரிங்ஸுக்கே தனிப் பக்கம் உண்டு. மேகம், காற்றின் தெளிவு, இருள் மூன்றையும் மணிக்கணக்கில் காட்டும், கிளம்பும் முந்தின நாள் பாருங்கள். கனடாவில் காட்டுத்தீ எரியும் வாரங்களில் மேகமே இல்லாவிட்டாலும் புகை வானத்தை மங்கலாக்கும். மூடிய வானம் அதிகாலை 2 மணிக்குத் திறப்பதும் உண்டு, அலாரத்தை அதிர்வில் வைத்துக்கொண்டு படுங்கள்.

பகலில் பூங்காவிலேயே 1939-இல் மரக்கட்டைகளால் கட்டிய பழைய மண்டபம் இருக்கிறது. லைமன் ரன் ஏரியில் குளிக்கலாம். யுஎஸ் 6 சாலையில் மரவெட்டுத் தொழில் அருங்காட்சியகம் உண்டு, இந்தக் காடு ஒருகாலத்தில் எப்படி மொட்டையடிக்கப்பட்டு மறுபடி வளர்ந்தது என்பதை அங்கே பார்க்கலாம். வெல்ஸ்பரோ பக்கம் பைன் கிரீக் பெரும்பள்ளத்தாக்கு காரில் சுமார் ஒரு மணி நேரம்.

அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது?

மருத்துவமனை கூடர்ஸ்போர்ட்டில் இருக்கிறது, காரில் அரை மணி நேரத்துக்குள். சிக்னல் இல்லாவிட்டாலும் 911 முயன்று பாருங்கள், வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் அழைப்பு போகும். செயற்கைக்கோள் வழியே அவசரச் செய்தி அனுப்பும் வசதி உங்கள் போனில் இருந்தால் வீட்டிலேயே ஒருமுறை பயிற்சி பாருங்கள். ஆஸ்துமா பம்ப், இன்சுலின், ஒவ்வாமை ஊசி வைத்திருப்பவர்கள் இரட்டிப்பாக எடுத்துவாருங்கள், இன்சுலினை உறையும் குளிரில் காரில் விடாதீர்கள். நீங்கள் இருக்கும் இடத்தின் எண்ணையும் திரும்பும் நேரத்தையும் ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.